ஆரல்வாய்மொழி 1809: போரைப் பார்த்தவன் எழுதிய டைரியை எப்படி வாசிப்பது?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு தோவாளை தாண்டியதும் வரும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் ரோடும் போகிறது, ரயிலும் போகிறது, காற்றும் போகிறது. இப்போது அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

1809 பிப்ரவரி 10 விடியற்காலையில் இதே இடத்தில் ஒரு போர் நடந்தது. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் படை ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கும்பினியின் படை மறுபக்கம். நாஞ்சில் நாட்டின் வாசல் அன்று உடைந்தது. அதன் பிறகு சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று காலை அந்த மலை மேல் என்ன நடந்தது என்று இன்று யாராவது எழுதினால், அதில் பெரும் பகுதி கடைசியில் ஒரே ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பினியின் சென்னைப் படையில் மேஜர். கோட்டையைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்.

போரில் கலந்துகொண்டவனே எழுதிய குறிப்பு என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

போர் ஏன் வந்தது?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேலுத்தம்பி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தலக்குளத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்தவர். 1805ல் கும்பினியோடு ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். அந்த உடன்படிக்கை வேலுத்தம்பி திவானாக இருந்தபோதுதான் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பணம் கட்ட முடியவில்லை. பாக்கி ஏறியது. கும்பினியின் ரெசிடெண்ட் கர்னல் காலின் மெக்காலே நெருக்கினார். (நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஆங்கிலக் கல்வி மெக்காலே இவருடைய தம்பி மகன்.) இரண்டு பேருக்கும் பகை முற்றியது.

1808 டிசம்பர் 28 இரவு கொச்சியில் மெக்காலேயின் வீடு தாக்கப்பட்டது. அவர் எப்படியோ தப்பிக் கப்பலுக்குப் போய்விட்டார். 1809 ஜனவரி 11ல் வேலுத்தம்பி குண்டறையில் இருந்து மக்களுக்கு ஒரு விளம்பரம் வெளியிட்டார். கும்பினியை எதிர்த்து எல்லோரும் எழ வேண்டும் என்ற அழைப்பு அது. வடக்கே கொல்லத்தில் சண்டை மூண்டது. தெற்கே கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஒரு படை பாளையங்கோட்டை வழியாக வந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரல்வாய்மொழிக்கு முன்னால் கூடாரம் அடித்தது.

எதிரே இருந்தது சாதாரணச் சுவர் அல்ல. மார்த்தாண்ட வர்மா காலத்தில் டி லனாய் என்ற ஐரோப்பியரின் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட எல்லைக் கோட்டை அது. கடலோரம் உள்ள வட்டக்கோட்டை வரை போகும் காவல் வரிசையின் வட முனை. கணவாயை அடைத்துக்கொண்டு ஏறக்குறைய 2 மைல் நீளத்துக்குச் சுவர், இடையிடையே சிறு கொத்தளங்கள், முன்னால் முள்வேலி.

வெல்ஷ் சொல்லும் கதை

வெல்ஷ் எழுதியதன் சாரம் இது. நேராகப் போய் மோதினால் ஆள் சேதம் அதிகமாகும். எனவே தென்புற மலை மீது ஏறி, அங்கே உச்சியில் இருந்த கொத்தளத்தை முதலில் பிடித்துவிட்டால் மேலிருந்து கீழே சுடலாம். பிப்ரவரி 9 இரவு ஒரு குழு கிளம்பியது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இருந்தார்கள், நம் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். இருட்டில், பாறையும் புதருமாக இருந்த சரிவில் ஏறத்தாழ 6 மணி நேரம் ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் அந்தப் பக்கமாக ஆள் வருவான் என்று எதிர்பார்க்கவே இல்லை. விடியும் நேரத்தில் கொத்தளம் விழுந்தது. கீழே சுவரைக் காத்துக்கொண்டு நின்றவர்கள் தலைக்கு மேலிருந்து குண்டு வருவதைப் பார்த்தார்கள். வாசல் திறந்தது. கும்பினி தரப்பில் இழப்பு குறைவு.

பிறகு கோட்டாறு, நாகர்கோவில் பக்கம் ஒரு சண்டை. அதற்குப் பிறகு உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் பணிந்தன. வேலுத்தம்பி வடக்கே ஓடி, மண்ணடி கோயிலில் உயிரை விட்டார். அவர் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். இறந்த உடலை அப்படிச் செய்ததை கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார்.

வெல்ஷின் எழுத்தை வாசித்தால் அந்த மலையில் நாமே ஏறுவது போல இருக்கும். இருட்டு, வழுக்கும் கல், மூச்சு வாங்குதல்... இதெல்லாம் அரசாங்க அறிக்கையில் கிடைக்காது. செயின்ட் லெஜர் சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில் கோட்டை நம் கையில் வந்துவிட்டது, இன்னார் நன்றாகப் போரிட்டார் என்ற விவரம்தான் இருக்கும். ஒரு சிப்பாயின் கால் எந்தக் கல்லில் சறுக்கியது என்பது டைரி எழுதியவனுக்கு மட்டுமே தெரியும். சிப்பாய்களின் கடிதங்களையும் டைரிகளையும் வரலாற்று மாணவர்கள் தேடித் தேடிப் படிப்பது இதற்காகத்தான்.

சரி, இதில் எதை எவ்வளவு நம்பலாம்? எந்தப் போர் டைரியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எங்கே நின்று பார்த்தான்? எப்போது எழுதினான்? அதை எழுதியதால் அவனுக்கு என்ன லாபம்? தனக்கு லாபம் இல்லாததை எங்காவது எழுதியிருக்கிறானா?

எங்கே நின்று பார்த்தான்?

வெல்ஷ் மலை மேல் இருந்தார். எனவே மலை ஏறியது பற்றி அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். சுவருக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். கும்பினி தரப்புக் கணக்குப்படி அங்கே சுமார் 50 பீரங்கிகளும் 10,000 ஆட்களும் இருந்தார்கள். பீரங்கியை ஒன்று, இரண்டு என்று பிறகு எண்ணிப் பார்த்துவிடலாம், அது ஓடிப்போகாது. ஆட்கள்? அவர்கள் கலைந்து போய்விட்டார்கள். ஓடுகிறவர்களை யார் நின்று எண்ணினார்கள்? 10,000 என்பது எண்ணிய எண் அல்ல, மதிப்பிட்ட எண். எதிரியின் எண்ணிக்கை கூடக் கூட வெற்றியின் பெருமையும் கூடும். உலகம் முழுவதும் போர்க் குறிப்புகளில் எதிரிப் படை எப்போதும் பெரிதாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

போரில் நிற்கிறவனுக்குத் தன்னைச் சுற்றி உள்ள சில கெஜ தூரம்தான் தெரியும். புகை, சத்தம், பயம். வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டனிடம் அந்தப் போரின் வரலாற்றை எழுத உதவி கேட்டபோது, ஒரு நடன விருந்தின் வரலாற்றை எழுத முடியாதது போல இதையும் எழுத முடியாது என்கிற தோரணையில்தான் பதில் சொன்னார். அங்கங்கே நடந்த துண்டுகள் பலருக்கும் நினைவிருக்கும், எது முதலில் எது பிறகு என்று கோர்ப்பதுதான் கஷ்டம். மொத்தப் படைக்கும் தலைவருக்கே அந்த நிலை என்றால் ஒரு குழுவை நடத்திப் போன மேஜருக்கு?

எப்போது எழுதினான்?

வெல்ஷின் புத்தகம் லண்டனில் 1830ல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. போர் நடந்து 21 வருடங்கள் கழித்து. ஏறக்குறைய நாற்பது வருட டைரியில் இருந்து எடுத்துத் தொகுத்தது என்று அதன் தலைப்பே சொல்கிறது. 'எடுத்துத் தொகுத்தது' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். எடுத்தது இருக்கிறது என்றால் விட்டதும் இருக்கிறது. அன்றன்று இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுதியது எது, வயதான பிறகு அச்சுக்குக் கொடுக்கும்போது திருத்தியது எது என்று வாசகனுக்குத் தெரியாது. புத்தகத்தைப் படிக்கும்போது இளம் மேஜரும் முதிர்ந்த அதிகாரியும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

வாட்டர்லூவுக்கும் இதே கதை நடந்தது. 1815ல் நடந்த அந்தப் போருக்கு ஒரு மாதிரி வடிவம் செய்ய வேண்டும் என்று 1830ல் சைபோர்ன் என்ற ராணுவ லெப்டினன்டிடம் பொறுப்பு கொடுத்தார்கள். அவர் உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. அற்புதமான பொக்கிஷம். ஆனால் அவையும் பதினைந்து, இருபது வருடங்கள் கழித்து எழுதப்பட்ட நினைவுகள். போதாக்குறைக்கு அவர் கேட்டது அதிகாரிகளிடம்தான். சாதாரணச் சிப்பாயிடம் யாரும் கேட்கவில்லை.

என்ன லாபம்?

வெல்ஷுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் எழுந்த பிறகு கும்பினி அதிகாரிகள் எல்லோரும் பீதியில் இருந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் பாளையங்கோட்டையில் பொறுப்பில் இருந்தவர் இதே வெல்ஷ். தன் படையில் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள் சதி செய்கிறார்கள் என்று நம்பி, அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்துக் கோட்டையை விட்டு வெளியே அனுப்பினார். இது பெரிய விவகாரமாகி, ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். விடுதலையானார் என்றாலும் பெயரில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலேயே உள்ள ஆரல்வாய்மொழியில், ஆபத்தான மலை ஏற்றத்துக்குத் தலைமை ஏற்கிறார். அந்தக் கீறலைத் துடைக்கத்தான் ஏறினார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்த முன்கதை தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களை வாசிப்பதும், தெரியாமல் வாசிப்பதும் ஒன்றல்ல. 'சரியான நேரத்தில் சரியான முடிவெடுத்தவன்' என்று தன்னைக் காட்டிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது.

அவர் மட்டும் அல்ல. அந்த 1809ல் சென்னைப் படையின் வெள்ளை அதிகாரிகள் பலர் தங்கள் அரசாங்கத்தின் மீதே கோபத்தில் இருந்தார்கள். பிப்ரவரியில் வெற்றிச் செய்தி அனுப்பிய செயின்ட் லெஜர் மே மாதத்தில் அந்தத் தகராறில் பதவியில் இருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்! அப்படிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு அதிகாரிக்கும் தன் சேவையை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது.

லாபம் இல்லாததை எழுதியிருக்கிறானா?

வெல்ஷை ஒதுக்கிவிட முடியாமல் செய்வது இந்தக் கேள்விதான். அவருடைய புத்தகத்தில் இன்னொரு பகுதி உண்டு. 1801 பாளையக்காரர் போர். சின்ன மருதுவை அவர் அதற்கு முன்பே அறிந்திருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதரைப் பிறகு காட்டு மிருகத்தை வேட்டையாடுவது போலத் துரத்திப் பிடித்து, கால் ஒடிந்த நிலையில் தூக்கிலிட்டதை வருத்தத்தோடு சொல்கிறார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24ல்.

இதைச் சொன்னதால் வெல்ஷுக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. தன் தரப்பு செய்ததை மோசமாகக் காட்டுகிறது. தன் எதிரியை உயர்த்துகிறது. ஒரு சாட்சி தனக்கு எதிராகச் சொல்லும் இடத்தில்தான் அவனை அதிகம் நம்பலாம் என்பது கோர்ட்டுக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும். வளரியைப் பற்றிப் பேசும் தமிழர்கள் இன்றும் வெல்ஷை மேற்கோள் காட்டுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த 1801 மே மாதத்தில் ஊமைத்துரை படுகாயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடந்தார். கிராமத்துப் பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய், தேடி வந்தவர்களிடம் வைசூரியில் செத்த பையன் என்று அழுது ஏமாற்றிக் காப்பாற்றினார்கள். எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், அவர் அதைப் பார்த்திருக்க முடியுமா? ஏமாற்றப்பட்டது அவருடைய தரப்பு. அங்கே அவர் நின்றிருந்தால் கதையே நடந்திருக்காது! ஆக, இது பிறகு யாரோ சொல்லி அவர் கேட்டது. பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் கலந்தே இருக்கும். பிரித்துப் பார்ப்பது வாசகனின் வேலை.

சுவருக்கு உள்ளே இருந்தவர்கள்

ஆரல்வாய்மொழிச் சுவருக்கு உள்ளே நின்றவர்களின் பக்கம் என்ன இருக்கிறது? குண்டறை விளம்பரம் இருக்கிறது. அது திவானின் குரல், போருக்கு முன்னால் உள்ள குரல். சுவரில் காவல் நின்றவனின் குரல் அல்ல. அந்த ஆட்கள் திருவிதாங்கூரின் பல பக்கங்களில் இருந்தும் வந்திருப்பார்கள். போர் நடந்தது நாஞ்சில் நாட்டு மண்ணில். மாசி மாதம் என்பதால் கும்பப்பூ அறுவடை நெருங்கும் காலம். கோட்டாற்றுக் கடைத்தெருவில் அன்று யார் கடை திறந்தார்கள், தோவாளையில் இருந்தவர்கள் எங்கே ஓடினார்கள், மலை மேலிருந்து குண்டு வந்தபோது சுவரில் நின்றவன் என்ன நினைத்தான்... வெல்ஷின் புத்தகத்தில் இவர்கள் எல்லோரும் 'எதிரி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இதைவிட வேதனையான விஷயம், வெல்ஷோடு கூடவே மலை ஏறிய நம் ஊர்ச் சிப்பாய்களின் குரலும் இல்லை. சென்னைப் படையில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் ஏராளம். சுவருக்கு இந்தப் பக்கமும் தமிழ் கேட்டிருக்கும், அந்தப் பக்கமும் தமிழ் கேட்டிருக்கும். இரண்டு பக்கமும் காகிதத்தில் வரவில்லை.

நம்மவர்களுக்கு எழுதும் பழக்கமே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1809க்கு அறுபது, எழுபது வருடங்கள் முன்பே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாள் தவறாமல் தமிழில் டைரி எழுதினார். 1748ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டதை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர் அவர். ஆனால் அவர் வியாபாரி, பிரெஞ்சு கவர்னரின் துபாஷி. சிப்பாய் அல்ல. எழுத்து இருந்தது. துப்பாக்கி பிடித்த கையில் அது இல்லை.

இந்தியச் சிப்பாயின் சொந்தக் குரல் என்று சொல்லப்படும் சீதாராம் என்ற வட இந்தியச் சுபேதாரின் சுயசரிதை 1873ல் ஆங்கிலத்தில் வந்தது. அதை உண்மையில் அவர்தான் எழுதினாரா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்திய வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் 600க்கும் மேற்பட்டவை 1999ல் புத்தகமாக வந்தன. அவை கிடைத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? தணிக்கை. கடிதங்களைப் பிரித்துப் படித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்த ராணுவத் தணிக்கை அலுவலகத்தின் ஃபைல்கள்தான் அவற்றைக் காப்பாற்றின. பலருக்கு எழுதத் தெரியாது, வேறு ஒருவர்தான் எழுதிக் கொடுப்பார். பிரித்துப் படிக்கிறார்கள் என்பது தெரிந்து, இந்தியர்களைக் கருமிளகு என்றும் வெள்ளையர்களைச் செம்மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். இப்படிப் பல கைகள் மாறித்தான் ஒரு சாதாரணச் சிப்பாயின் வார்த்தை நம்மிடம் வந்து சேருகிறது.

வென்றவன்தான் எழுதுகிறானா?

'வரலாறு வென்றவர்களால் எழுதப்படுவது' என்று ஒரு வாசகம் அடிக்கடி சொல்லப்படும். ஆரல்வாய்மொழியை மட்டும் பார்த்தால் அது சரி என்றே படும். கும்பினி வென்றது, கும்பினிக்காரர் எழுதினார்.

ஆனால் அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் குளச்சலுக்குப் போனால் இந்த வாசகம் பொய்த்துவிடுகிறது. 1741 ஆகஸ்டில் அங்கே மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கும்பினியைத் தோற்கடித்தது. வென்றது திருவிதாங்கூர். அந்தப் போரை விவரமாகத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் எங்கே போகிறார்கள்? தோற்றவர்களின் காகிதங்களுக்குத்தான்! டச்சுக்காரர்களின் மலபார்ப் பகுதித் தலைவராக இருந்த வான் கொலனெஸ் 1743ல் பதவியை விட்டுப் போகும்போது அடுத்து வருபவருக்காக எழுதிய நீண்ட குறிப்பு இருக்கிறது. சென்னை அரசாங்கமே அதை 1911ல் ஆங்கிலத்தில் அச்சிட்டது. நெதர்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் இருக்கின்றன. தோற்றவர்கள் ஏன் தோற்றோம் என்று மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டி இருந்ததால் அதிகமாகவே எழுதினார்கள்.

அந்தக் காகிதங்களைப் படித்ததால்தான் இன்னொன்றும் தெரிய வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள புகழ்பெற்ற ஓவியத்தில் டி லனாய் மன்னர் முன் சரணடைகிறார். பார்க்கிறவர்கள் அவர்தான் டச்சுப் படைத் தலைவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் குளச்சல் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர் அல்ல. பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்து பெரிய தளபதி ஆனதால் நினைவில் அவர் வளர்ந்துவிட்டார். 1777ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

ஆக, குளச்சலில் தோற்றவன் எழுதினான். ஆரல்வாய்மொழியில் வென்றவன் எழுதினான். இரண்டிலும் பொதுவானது என்ன? எழுதியது கும்பினிதான். லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கணக்குக் காட்ட வேண்டிய வியாபாரக் கம்பெனி ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தியது. வரலாற்றை எழுதுகிறவன் வென்றவன் அல்ல, காகிதத்தைப் பாதுகாத்தவன். இந்த இரண்டு பெரிய போர்களும் சேர்ந்து கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான்.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

டைரி இல்லை என்பதால் சாட்சியே இல்லை என்று ஆகிவிடாது. நாஞ்சில் நாடு வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறது.

முதலாவது, பாட்டு. 1630களில் திருமலை நாயக்கரின் படையோடு நடந்த கணியாகுளம் போரில் இறந்த இரவிக்குட்டிப் பிள்ளையைப் பற்றி ஒரு கதைப்பாடல் உண்டு. போருக்குப் போகாதே என்று வீட்டுப் பெண்கள் கெட்ட கனவுகளைச் சொல்லித் தடுப்பதும், கூட இருந்தவர்களே காட்டிக்கொடுப்பதும், வெட்டப்பட்ட தலையை மீட்டுக் கொண்டுவருவதும் அதில் வரும். கணியாகுளம் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டில் தேதியும் படைக் கணக்கும் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் போர் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பாட்டுதான் சொல்லும். அதை எந்த மேஜரும் எழுத மாட்டார்.

இரண்டாவது, ஓலை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குப் பெரிய ஆதாரம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இவற்றின் மதிப்பை உணர்ந்து வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமானவர். பின்னாளில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவற்றைத் தொகுத்தார். வரி, நிலம், அடிமை விற்பனை, ஊர்க்கூட்டம் என்று போருக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும் விஷயங்கள்தான் அதிகம். ஆனால் படைகள் வந்து போனபோது ஊர் பட்ட பாடும், வரி தாங்க முடியாமல் நாட்டார் கூடி எதிர்த்ததும் அந்த ஓலைகளில்தான் தெரிகின்றன. போரின் செலவை யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு வெல்ஷிடம் பதில் கிடையாது. வரி ஓலையில் கிடைக்கலாம்.

மூன்றாவது, மண். வட்டக்கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. உதயகிரி இருக்கிறது. ஆரல்வாய்மொழி மலையும் அங்கேயே இருக்கிறது. 6 மணி நேரம் ஏறினோம் என்று வெல்ஷ் சொன்னதைச் சரிபார்க்க மலையைவிட நல்ல சாட்சி எது?

இவை எதுவும் தனியாகப் போதாது. டைரிக்குக் கண் உண்டு, ஆனால் ஒரு பக்கம்தான் தெரியும். பாட்டுக்கு மனசு உண்டு, கணக்கு கிடையாது. ஓலைக்குக் கணக்கு உண்டு, சத்தம் கிடையாது. மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒன்று சொல்வதை மற்றொன்றோடு உரசிப் பார்த்தால்தான் அந்த விடியற்காலை கொஞ்சமாவது தெளியும்.

வெல்ஷின் புத்தகம் பழைய அச்சு என்பதால் இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். அது அழியாது. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் மச்சில், அரங்கில், பூஜை அறைப் பெட்டியில் இன்னும் படிக்கப்படாத ஓலைக்கட்டுகள் இருக்கக் கூடும். வீட்டை இடிக்கும்போது அவை குப்பையோடு போகின்றன. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டவர்களும் உண்டு. வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் இறக்கும்போது அவரோடு எத்தனை கதைகள் போகின்றன என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை.

1809ல் சுவருக்கு உள்ளே நின்றவன் எழுதி வைக்கவில்லை. அது அவன் தவறல்ல. அவனைப் பற்றி எங்கோ எழுதியிருந்த ஒரு ஓலை நம் காலத்தில் அழிந்தால், அந்தத் தவறு வெல்ஷுடையதும் அல்ல, கும்பினியுடையதும் அல்ல.